மலைக்கு விலை கொடுக்கச் சொன்ன கலெக்டர்

குட்டீஸ், வேற்றுக்கிரகவாசிகள் வரும் சினிமா பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர்கள்தான் நம் பூமிக்கு வருவார்கள். வந்து இறங்கியதும் டிஷ்யூம் டிஷ்யூம்தான்!

ஒரு மாறுதலுக்கு இப்படி யோசித்துப் பாருங்கள். நாம் வேறொரு கிரகத்துக்குப் போகிறோம். வீடு கட்டி, தோட்டம் போட்டு, அங்கேயே தங்கிவிட ஆசைப்படுகிறோம். போய்ப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரியவில்லை. நம் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. நம் கையில் துப்பாக்கி இருக்கிறது. அவர்கள் கையில் இல்லை. இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒரே கிரகத்தில் வாழ முடியுமா?

விண்வெளியில் இதற்கு விடை தேட முடியாது. பூமியைத் தவிர வேறெங்கும் உயிர்கள் இருப்பதாக இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 2014-ல் நம் மங்கள்யான் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்ததே, அதிலும் யாரும் கையசைக்கவில்லை!

ஆனால், இதே சோதனை நம் ஊர் மலைகளில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. எப்படி என்கிறீர்களா?

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பாருங்கள். மலை சுவர் போல நிற்கும். காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்குக் கிளம்பும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் கேரள எல்லை. அதே மலையில் குரங்கணிப் பக்கம் முதுவாக்குடி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் முதுவர்கள். ரொம்பக் காலத்துக்கு முன்பு மதுரையிலிருந்து சாமியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று அவர்கள் கதை சொல்வார்கள். முதுகில் சுமந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாம். அந்தக் காட்டின் பாதைகள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

1877 ஜூலை 11-ம் தேதி, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டார். எதற்குத் தெரியுமா? கண்ணன் தேவன் மலை முழுவதையும் எடுத்துக்கொள்வதற்கு! அந்தப் பெயரே அங்கே இருந்த ஒரு மலைவாசித் தலைவருடையது என்று சொல்வார்கள். கடையில் டீத்தூள் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்களே, அதே பெயர்தான். ஒப்பந்தம் ராஜாவுக்கும் மன்றோவுக்கும் நடுவில் போடப்பட்டது. மலையிலேயே வாழ்ந்த முதுவர்கள் அந்தக் காகிதத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? அதற்கு 58 வருடங்களுக்கு முன்பே, தமிழ்நாட்டின் இன்னொரு மலையில், இன்னொரு வெள்ளைக்காரருக்கு அப்படித் தோன்றியது. அந்த மலை நீலகிரி. அந்த மனிதர் ஜான் சல்லிவன்.

ஊட்டியை உருவாக்கியவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் இவர் பெயரைப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது.

சல்லிவன் 1788 ஜூன் 15-ல் லண்டனில் பிறந்தார். 1804-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்துச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது பதினாறுகூட இருக்காது. உங்களில் பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன், அக்கா இருந்தால் பாருங்கள், ஏறக்குறைய அந்த வயதுதான்! படிப்படியாக உயர்ந்து கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார்.

கோவையிலிருந்து பார்த்தால் வடக்கே நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதன் மேலே என்ன இருக்கிறது என்று கம்பெனி அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரியாது. 1818-ல் அவருடைய உதவியாளர்கள் இருவர் மேலே போய்விட்டு வந்து, அங்கே கோடையிலும் குளிருகிறது என்றார்கள். சல்லிவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1819 ஜனவரியில் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ரோடு கிடையாது. காடு, செங்குத்துப் பாறை, அட்டை, காய்ச்சல். ஆறு நாள் ஏறினார்கள். வழியில் சிலர் இறந்தும் போனார்கள்.

மேலே போனவர் மயங்கிவிட்டார். பச்சைப் புல்வெளி, சோலைக்காடு, ஓடை, தன் சொந்த ஊர் மாதிரியே குளிர்! இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னேரிமுக்கு என்ற இடத்தில் உடனே ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். அந்த வீடு இப்போதும் அவருடைய நினைவு இல்லமாக இருக்கிறது.

ஆனால் மலை காலியாக இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், குட்டீஸ்.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று பல மக்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொழி, தனித்தனி வேலை. தோடர்கள் எருமை வளர்த்தார்கள். எருமை என்றால் அவர்களுக்குச் சும்மா மாடு அல்ல. பால் கறந்து மோர் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில். அங்கே வேலை செய்பவரே பூசாரி! அரைவட்டக் கூரையுடன், தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல் வைத்த குடிசைகளில் வாழ்ந்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். கோத்தர்கள் பானை வனைவார்கள், இரும்புக் கருவி அடிப்பார்கள், விசேஷங்களுக்கு மேளம் வாசிப்பார்கள். குறும்பர்கள் காட்டுத் தேன் கொண்டுவருவார்கள். படுகர்கள் தானியம் விளைவிப்பார்கள். தோடர் வீட்டு நெய் படுகர் வீட்டுக்குப் போகும். படுகர் வீட்டுத் தானியம் தோடர் வீட்டுக்கு வரும். பணமே வேண்டாம்!

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். படுகர்களும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தான். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால்தான் படுகர் என்ற பெயர். வந்தவர்கள் நிலத்தை உழுதார்கள். விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குறும்பர்கள் மந்திரம் வைத்துவிடுவார்கள் என்று மற்றவர்களுக்குப் பயம் உண்டு. அதனால் மோதலும் நடந்திருக்கிறது. ஆனாலும் பழையவர்களும் புதியவர்களும் ஒரே மலையில் பல தலைமுறை வாழ்ந்தார்கள். சோதனை ஒருமுறை ஓரளவு வெற்றி பெற்றிருந்தது!

அந்த மலைக்குத்தான் துப்பாக்கியும் பத்திரக் காகிதமும் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தோடர்களிடம் போருக்கென்று ஆயுதம் எதுவும் இல்லை. அவர்களிடம் சிப்பாய்கள் கிடையாது, கோட்டையும் கிடையாது. கம்பெனி நினைத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளலாம்.

சல்லிவன் என்ன செய்தார்?

விலை கொடுத்தார். ஏக்கருக்கு ஒரு ரூபாய். 1822-ல் உதகையில் தனக்கு ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். மலைவாசிகள் அதைக் கல் பங்களா என்று அழைத்தார்கள். இன்றைக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருப்பது அங்கேதான். உதகமண்டலம் என்ற பெயரிலேயே ஒரு மந்து ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? தோடர்களின் 'ஒத்தக்கல் மந்து'தான் வெள்ளைக்காரர் வாயில் புகுந்து 'ஊட்டகமண்ட்' ஆகி, பிறகு 'ஊட்டி' என்று சுருங்கிவிட்டது.

1823-ல் மனைவி ஹென்ரியெட்டாவையும் அழைத்து வந்தார். உதகைக்கு வந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி அவர்தான். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ரோடு வந்தது. ஓடைகளை மறித்து ஏரி வெட்டப்பட்டது. நீங்கள் சுற்றுலா போனால் படகில் போவீர்களே, அதே ஏரி! உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், ஆப்பிள் என்று புதுப்புதுப் பயிர்களை வரவழைத்து நட்டார். காய்கறிக் கடையில் இன்றைக்கும் ஊட்டிக் காய் என்கிறோமே, அதற்கெல்லாம் ஆரம்பம் இதுதான்.

ஏக்கருக்கு ஒரு ரூபாய் நியாயமான விலையா? எனக்கு அதில் சந்தேகம்தான். தோடர்களுக்கு நிலத்தை விற்பது என்ற பழக்கமே கிடையாது. புல்லை எருமை மேய்கிறது, மழை பெய்தால் மறுபடி முளைக்கிறது. இதில் விற்பது என்ன, வாங்குவது என்ன? ரூபாயை வாங்கியபோது, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று அர்த்தம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்குமா? சல்லிவன் நிறைய நிலம் வாங்கிக் குவித்தார் என்பதும் உண்மை. உதகையில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்களைவிட அவரிடம்தான் அதிக நிலம் இருந்தது.

ஆனால் அவரை அந்தக் காலத்து மற்ற அதிகாரிகளிடமிருந்து தனியாக நிறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இந்த மலை தோடர்களுடையது, கம்பெனியுடையது அல்ல என்று அரசாங்கத்துக்கே எழுதினார்! படுகர்கள் தோடர்களுக்குத் தானியப் பங்கு கொடுத்துவந்த வழக்கத்தை அவர் கவனித்திருந்தார். புதிதாக யார் வீடு கட்டினாலும், அரசாங்கமே நிலம் எடுத்தாலும், தோடர்களிடம் கேட்டு, விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடினார்.

கம்பெனியின் கலெக்டரே கம்பெனிக்கு எதிராகப் பேசினால் சும்மா விடுவார்களா? 1827-ல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டனுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நிலம் அரசாங்கத்துக்கே சொந்தம் என்ற பக்கம் நின்றார் அவர். சல்லிவனின் செல்லப்பிள்ளையான உதகையை அவர் கையிலிருந்து எடுத்து, ராணுவ மேஜர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். 1830-ல் நீலகிரியின் ஒரு பகுதியைப் பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். கோவைக் கலெக்டர் இனி அங்கே மூக்கை நுழைக்க முடியாது! நாம் ஆசை ஆசையாகக் கட்டிய மணல் வீட்டை வேறொருவர் வந்து எனக்குத்தான் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கு.

சல்லிவன் பின்வாங்கவில்லை. பின்னால் வருவாய் வாரியத்தில் பெரிய பதவிக்கு வந்த பிறகும் மலைவாசிகளின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

1838-ல் பெரிய இடி விழுந்தது. மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியட்டும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் கல்லறை இருக்கிறது. தான் தேடிக் கண்டுபிடித்த ஊரிலேயே இருவரையும் புதைத்துவிட்டு, 1841-ல் வேலையை விட்டு, மீதிப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார் சல்லிவன். அதற்குப் பிறகு அவர் இந்த மலையைப் பார்க்கவே இல்லை.

அங்கே போயும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. இந்தியாவை ஆளும் வேலைகளில் இந்தியர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும், இந்திய மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களைக் கம்பெனி மதிக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அப்போதெல்லாம் இப்படிப் பேசிய கம்பெனி அதிகாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, தோடர்கள் என்ன ஆனார்கள்?

சல்லிவன் போன பிறகு, 1840-களில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. தோடர்களுக்கு மாடு மேய்க்கும் உரிமை மட்டும்தான் உண்டு. மண் அவர்களுக்குச் சொந்தமில்லை! புல்வெளிகளில் தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். தேயிலை வந்தது. புல்லே இல்லாத இடத்தில் எருமைக்கு என்ன வேலை? புதிதாக வந்தவர்களோடு புதுப்புது நோய்களும் வந்தன. 1901-ல் கணக்கெடுத்தபோது தோடர்கள் சுமார் 800 பேர்தான் இருந்தார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் அதைவிட அதிகம் பேர் படிக்கலாம்! அதற்குப் பிறகும் எண்ணிக்கை குறைந்து, பிறகுதான் மெல்ல மெல்ல ஏறியது.

ஒரு குண்டுகூடச் சுடப்படாமல் இவ்வளவும் நடந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நாம் சினிமாவில் பார்ப்பது போல லேசர் துப்பாக்கிச் சண்டை எதுவும் நடக்கவில்லை. பார்ப்பதற்கு எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. மரம் நட்டார்கள், ரோடு போட்டார்கள், ஒரு காகிதத்தில் எழுதினார்கள். அவ்வளவுதான்.

தோடர்கள் காணாமல் போய்விடவில்லை. கறுப்பு, சிவப்பு நூலால் வெள்ளைத் துணியில் அவர்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமைகளும் குறைவாகவேனும் இருக்கின்றன. மோர் கடையும் கோயில்களும் இருக்கின்றன.

நம் போடி மலைக்குத் திரும்பினால், முதுவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். காட்டு ஏலக்காய் பறித்த மலைகளில் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் வந்தன. அவர்களுக்காக அரசாங்கத்துக்கு எழுத ஒரு சல்லிவன்கூட மன்றோவின் காலத்தில் முன்னே நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம், வன உரிமைச் சட்டம், 2006-ல்தான் வந்தது. சல்லிவன் நீலகிரியில் ஏறி 187 வருடம் கழித்து! சட்டம் வந்த பிறகும் பட்டாவுக்காக மனு கொடுத்துக் காத்திருந்த மலைக்கிராமங்கள் எத்தனையோ.

சல்லிவன் 1855 ஜனவரி 16-ல் இங்கிலாந்தில் காலமானார். ஊட்டிக்கு 200 வயது ஆனதைக் கொண்டாடியபோது, 2022-ல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். அவருடைய கல்லறை எங்கே என்பதே ரொம்ப நாள் இங்குள்ளவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. தேடிப் பார்த்தபோது, லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லவ் என்ற ஊரில், செயின்ட் லாரன்ஸ் ஆலயத்தில் இருப்பது தெரிந்தது.

அதே ஆலயத்தில் இன்னொருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அறிவியல் பாடத்தில் அவர் பெயர் வரும்: வில்லியம் ஹெர்ஷல்! 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர். சந்திரனிலும் செவ்வாயிலும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று நம்பி, தொலைநோக்கி வழியாக இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் இறந்தது 1822-ல். அதே வருடம்தான், இங்கே தோடர்களின் புல்வெளியில் சல்லிவன் தன் கல் பங்களாவுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்.